ஒலி, ஒளி, ஒழி: மயங்கொலிச் சொற்களைச் சின்ன வகுப்பில் சேர்த்து நடத்துவதா, பிரித்து நடத்துவதா?

மூன்றாம் பெஞ்ச் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். பயிற்சிப் புத்தகங்களில் மயங்கொலிச் சொற்கள் என்று ஒரு பக்கம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். முதல் கட்டத்தில் ஒலி, அடுத்ததில் ஒளி, மூன்றாவதில் ஒழி. அதற்குக் கீழே வலி, வளி, வழி. பிறகு அலை, அளை, அழை. பிறகு தலை, தளை, தழை. எல்லாவற்றுக்கும் எதிரே பொருள். பிள்ளைகள் பாட்டுப் போல ஒப்பித்துவிடுகிறார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். அதுவரை ‘தலை’ என்று பிழையில்லாமல் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை, அந்தப் பக்கத்தை நடத்தி முடித்ததும் ‘தளை வலிக்கிறது’ என்று எழுதுகிறது. ‘வழி தெரியவில்லை’ என்று எழுதிய பிள்ளை ‘வளி’யா ‘வழி’யா என்று பென்சிலைப் பிடித்தபடி யோசிக்கிறது. பாடம் நடத்துவதற்கு முன்னால் இல்லாத குழப்பம் பாடத்தால் வந்திருக்கிறது. ஒரு பிள்ளையிடம் மட்டும் என்றால் விட்டுவிடுவேன். வகுப்பில் பாதிப்பேரிடம் பார்க்கிறேன்.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நடத்துவது சரியா? பிரித்து நடத்தினால் எதை முதலில் எடுப்பது? ர–ற, ண–ந–ன இவற்றுக்கும் அதே முறைதானா? நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வேர்பிடி

சேர்த்து வைக்காதீர்கள். குறைந்தது முதலில் வேண்டாம்.

‘தலை’ என்ற சொல் அந்தப் பிள்ளைக்குத் தன் உடம்பாகத் தெரியும். அதில் எந்த லகரம் என்ற கேள்வியே அதன் மனத்தில் எழுந்ததில்லை. கட்டத்தைப் போட்டு ‘தளை’, ‘தழை’ இரண்டையும் பக்கத்தில் நிறுத்தியதும் கேள்வி பிறந்துவிட்டது, பதில் பிறக்கவில்லை. ஒன்றுபோல் இருக்கும் இரண்டு புதிய செய்திகளை ஒரே நேரத்தில் மனத்தில் போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். எது எதற்குரியது என்பது முதலில் நழுவும். மொழி கற்பிப்பவர்கள் எந்த மொழியிலும் காண்பது இது. இடம்–வலம், நேற்று–நாளை என்று இணையாகக் கற்ற சொற்களைப் பிள்ளைகள் நெடுநாள் மாற்றி மாற்றிச் சொல்வதும் இதனால்தான்.

இன்னொன்றையும் பாருங்கள். தளை, அளை, வளி, விழை, கழி. ஏழு வயதுப் பிள்ளை இவற்றை எங்கே கேட்கிறது, எங்கே பேசுகிறது? மூன்றாவது கட்டம் காலியாக இருக்கக்கூடாது என்பதற்காகக் கொண்டுவந்த சொற்கள் இவை. பிள்ளை வாயில் புழங்காத சொல்லை, புழங்கும் சொல்லின் தோளோடு தோள் நிறுத்தினால் புழங்கும் சொல்லும் ஆட்டம் காணும்.

நான் செய்வது இதுதான். இரண்டு சொல்லுமே பிள்ளைக்குத் தெரிந்திருந்தால்தான் இணையாக எடுப்பேன்: பல்லி–பள்ளி, வால்–வாள், அரை–அறை, எரி–எறி, பனி–பணி. அவற்றிலும் ஒன்றை முதலில் தனியாக ஊன்ற விடுவேன். ‘பள்ளி’யைப் படித்து, எழுதி, வாக்கியத்தில் போட்டு, தூக்கத்தில் கேட்டாலும் எழுதும் அளவுக்கு வந்த பிறகு, சில வாரம் கழித்துப் பல்லி வரும். அதுவும் பல்லியைப் பற்றிய ஒரு குட்டிக் கதையில் வரும். இரண்டும் ஊன்றிய பிறகு ஒருநாள் பக்கத்தில் வைத்து, “பார், ஒரே ஓர் எழுத்து மாறியதும் சுவரில் ஊர்வது நீ படிக்கும் இடமாகிவிட்டது” என்று காட்டுவேன். அன்றைக்குப் பிள்ளைகளுக்கு அது வியப்பாக இருக்கும். முதல் நாளே காட்டினால் குழப்பம் மட்டும்தான் மிஞ்சும்.

பழைய ஏடு

வேர்பிடி அவர்களோடு நான் பாதிவழி வருவேன், அதற்கு மேல் வரமாட்டேன்.

வாளைத் தனியாக எத்தனை முறை எழுதினாலும், வால் பக்கத்தில் வரும்போதுதான் பிள்ளையின் கண் ளகரத்தின் மேல் நிற்கும். வேறுபாட்டைக் காட்டாமல் வேறுபாட்டைக் கற்பிக்க முடியாது. கட்டத்தின் மேல் பழியைப் போடும் முன்னால் நம் வாயைக் கவனிப்போம். ‘மளை பெய்யுது’, ‘தமிள் நோட்டை எடு’ என்று சொல்லிக்கொண்டே, எழுதும்போது மட்டும் ழகரம் போடு என்றால் பிள்ளை எதை வைத்துப் போடும்? காதில் விழாத எழுத்து கையில் எப்படி வரும்? நாக்கைப் பழக்குங்கள். என் வகுப்பில் பாடம் தொடங்கும் முன் வாய்ப்பயிற்சி கட்டாயம். எழுத்து தானாகத் திருந்தும்.

நுனிநா

பேச்சுப் பயிற்சி தருவது என் தொழில். பழைய ஏடு ஐயா சொன்னதில் மெய்யும் இருக்கிறது, அபாயமும் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் மெய். ல, ள, ழ மூன்றும் வேறு வேறு ஒலிகள். லகரத்துக்கு நாக்கின் நுனி மேல்பல்லுக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் மேட்டைத் தொடும். ளகரத்துக்கு நுனி பின்னோக்கி வளைந்து மேலண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கும் வளையும், ஆனால் ஒட்டாது. மேலண்ணத்தை நெருங்கி நிற்கும், காற்று வழிந்து போகும். ‘ள்’ என்று பிடித்து நிறுத்தச் சொல்லுங்கள், பிறகு நாக்கை மட்டும் ஒரு மயிரிழை கீழே இறக்கச் சொல்லுங்கள். பல பிள்ளைகளுக்கு ‘ழ்’ அப்படித்தான் பிடிபடுகிறது. ஒரு கண்ணாடியைக் கையில் கொடுத்தால் இன்னும் எளிது.

ஆனால் சொல்லவைக்கும் முன்னால் கேட்கவையுங்கள். வாலின் படம் ஒன்று, வாளின் படம் ஒன்று மேசையில் இருக்கட்டும். ஒரு தாளால் உங்கள் வாயை மறைத்துக்கொண்டு ஒன்றைச் சொல்லுங்கள். பிள்ளை தொட்டுக் காட்டட்டும். காது பிரிக்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். காது பிரிக்காத வரையில் வாய்க்கும் கைக்கும் வேலை கொடுப்பது வீண். ரகரமும் ழகரமும் பல பிள்ளைகளுக்குப் பிந்தித்தான் வாயில் படியும். வகுப்பு முழுக்கப் பார்த்திருக்க ஒரு பிள்ளையை நிறுத்தி ‘ழ’ சொல்லச் சொல்லிச் சொல்லித் திருத்தாதீர்கள். அந்தப் பிள்ளை அதன்பிறகு ழகரம் வரும் சொல்லையே பேசாமல் தவிர்க்கும்.

இனி அபாயம். ‘சரியாகப் பலுக்கினால் சரியாக எழுதலாம்’ என்பது ல, ள, ழ மூன்றுக்கும் பொருந்தும். மற்றவற்றுக்கு அதே அளவு பொருந்தாது. இன்றைய பேச்சில் ‘கரை’யும் ‘கறை’யும் பெரும்பாலோர் வாயில் ஒன்றுதான். ற்ற, ன்ற என்று வரும்போது றகரத்தின் ஒலி தனியாகத் தெரியும். இரண்டு உயிருக்கு நடுவே தனி றகரமாக வந்தால் ரகரத்தோடு கலந்துவிடுகிறது. ண–ன வேறுபாடு சிலர் பேச்சில் தெளிவாக இருக்கிறது, பலர் பேச்சில் இல்லை. ந–ன இரண்டையும் காதால் பிரிப்பவர் அரிது. ஆகவே நகரத்துக்கும் னகரத்துக்கும் வாய்ப்பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தால் பிள்ளைக்கு இல்லாத ஒன்றைத் தேடச் சொல்கிறோம் என்று பொருள்.

ஒரு வேண்டுகோள். ஒத்த வயதுப் பிள்ளைகள் எல்லோரும் பிரித்துக் கேட்கும் ஒலிகளை ஒரு பிள்ளை தொடர்ந்து கேட்கத் தவறினால், அதைக் கவனக்குறைவு என்று எழுதிவிடாமல் காதைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சளி கட்டிக் காது மந்தமாக இருக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன்.

மூன்றாம் பெஞ்ச்

இது எனக்குப் பெரிய வெளிச்சம். மூன்று தொகுதிக்கும் ஒரே முறை என்று நினைத்துத்தான் இவ்வளவு நாள் நடத்தினோம் போலிருக்கிறது. சரி, காது உதவாத இடத்தில் பிள்ளை எதைப் பிடித்துக்கொள்ளும்? ந–ன, ர–ற இரண்டுக்கும் வெறும் மனப்பாடம்தான் கதியா?

வேர்பிடி

இல்லை. ந–ன இரண்டும் மயங்கொலிகளிலேயே மிக எளிது. காதை விட்டுவிட்டு எழுத்து நிற்கும் இடத்தைப் பார்க்கப் பழக்கினால் போதும்.

சொல்லின் முதலில் வருவது ந மட்டும். நாய், நிலா, நூல், நேரம். ண, ன இரண்டும் தமிழ்ச்சொல்லின் முதலில் வருவதே இல்லை. புள்ளி வைத்த மெய்யாக வரும்போது பின்னால் நிற்கும் எழுத்தைப் பார்க்கவேண்டும். தகரம் வந்தால் முன்னால் ந்: பந்து, வந்தான். டகரம் வந்தால் ண்: வண்டு, நண்டு. றகரம் வந்தால் ன்: கன்று, நின்றான். டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்று அந்தக் காலத்தில் இந்த எழுத்துகளுக்குப் பெயர் வைத்தவர்கள் பெயருக்குள்ளேயே விதியை வைத்துவிட்டார்கள். ‘மூன்று சுழி, இரண்டு சுழி’ என்று சொன்னால் பிள்ளைக்கு வடிவம் மட்டும் தெரியும். ‘டண்ணகரம்’ என்றால் அது யாரோடு கூட்டுச் சேரும் என்பதும் தெரியும். இந்தப் பெயர்களைச் சின்ன வகுப்பிலேயே சொல்லிக்கொடுங்கள். பிள்ளைகளுக்கு அவற்றைச் சொல்லவே பிடிக்கும்.

இவை ஏன் கூட்டுச் சேருகின்றன என்பதற்கு நுனிநா அவர்கள் சொன்ன நாக்குதான் விடை. ட, ண இரண்டுக்கும் நாக்கு தொடும் இடம் ஒன்று. த, ந இரண்டுக்கும் ஒன்று. ற, ன இரண்டுக்கும் ஒன்று. தொல்காப்பியப் பிறப்பியல் இவற்றை இப்படி இணை இணையாகத்தான் சொல்கிறது.

இதைப் பிடித்துக்கொண்டால் லகர ளகரத்துக்கும் ஒரு வழி திறக்கும். லகரம் ற, ன இவற்றோடு சேர்ந்த குடும்பம். ளகரம் ட, ண இவற்றோடு சேர்ந்த குடும்பம். சொல் மாறும்போது எழுத்து தன் குடும்பத்துக்குள்ளேயே மாறும்.

கல், கற்கள். பல், பற்கள். கடல், கடற்கரை. செல், சென்றான். நில், நின்றான், நிற்க.
முள், முட்கள். வாள், வாட்போர். நாள், நாட்காட்டி. கொள், கொண்டான். உருள், உருண்டது. கேள், கேட்டான்.

ழகரம் மட்டும் தன் உருவை விடாது: வாழ், வாழ்ந்தான். மகிழ், மகிழ்ந்தான். சூழ், சூழ்ந்தது.

‘உருல்’ என்று எழுதும் பிள்ளையிடம் தப்பு என்று சொல்லாதீர்கள். “நேற்று பந்து என்ன ஆச்சு?” என்று கேளுங்கள். “உருண்டது” என்று சொல்லும். உருண்டதில் ‘ண்ட’ காதில் விழுகிறது அல்லவா, அப்படியானால் ளகரம். விடை அந்தப் பிள்ளையின் பேச்சிலேயே இருக்கிறது. நாம் எடுத்துக் காட்டினால் போதும்.

முயற்சியில் நடுவே ச் ஏன் வராது, மகிழ்ச்சியில் ஏன் வரும் என்று பெரியவர்களே தடுமாறுகிறார்கள். முயல் என்பதன் லகரம் றகரமாகிவிட்டது. ற், ட் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு வல்லின மெய்யெழுத்து வராது. அதனால் முயற்சி, பயிற்சி, ஆட்சி, காட்சி. ழகரமும் ரகரமும் மாறாமல் நிற்பதால் அங்கே ச் வந்து சேர்ந்துகொள்ளும்: மகிழ்ச்சி, நிகழ்ச்சி, வளர்ச்சி, உணர்ச்சி.

எல்லை ஒன்று உண்டு. இந்தச் சோதனை ல், ள் சொல்லின் கடைசியில் வந்தால்தான் செல்லும். கிளி, ஒலி, புலி போன்றவற்றில் எழுத்து நடுவில் இருப்பதால் செல்லாது. அங்கே காதும் பழக்கமும்தான். ‘சொல்’ என்பது ‘சொன்னான்’ என்று தனிவழி போகும், ஆனாலும் ‘சொற்கள்’ என்று வரும்போது குடும்பத்துக்குத் திரும்பிவிடும்.

ர–ற பற்றி: விதி தேடாதீர்கள். அடிச்சொல்லைப் பிடியுங்கள். ‘அறி’யை ஒருமுறை உறுதியாக ஊன்றிவிட்டால் அறிவு, அறிஞர், அறிவியல், அறிவிப்பு, அறிமுகம் எல்லாவற்றிலும் றகரம் தானாக வரும். ‘பிற’ தெரிந்தால் பிறப்பு, பிறந்தநாள். ‘எரி’யிலிருந்து எரிச்சல், எரிமலை, எரிபொருள். ‘எறி’யிலிருந்து எறிபந்து, எறிந்தான். தனித்தனியாக ஐம்பது சொல் எழுதவைப்பதைவிடப் பத்து அடிச்சொல்லை அதன் பிள்ளைகளோடு பழக்குவது மேல்.

இரு பிள்ளைத் தாய்

ஆசிரியர்கள் பேசும் இடத்தில் ஒரு பெற்றோராக நுழைகிறேன். வேர்பிடி சார் எழுதியது படிக்க எனக்கே ஆசையாக இருந்தது. ஆனால் என் சின்னவள் இரண்டாம் வகுப்பு. அவளுக்குப் போய் குடும்பம், கூட்டு என்று சொன்னால் ஏற்கெனவே இருக்கும் பயம் கூடாதா? ‘தப்பா எழுதினா திட்டுவாங்க’ என்றே தெரிந்த சொல்லைக்கூட எழுதாமல் சுற்றி வளைத்து எழுதுகிறாள். ‘வாழ்த்து’ என்று எழுதவேண்டிய இடத்தில் ‘நல்லா இரு’ என்று எழுதியிருந்தாள். எனக்கு அழுகையே வந்தது.

வேர்பிடி

அம்மா, உங்கள் மகளுக்கு இதில் எதையும் விதியாகச் சொல்லவேண்டாம். ண்ட, ந்த, ன்ற மூன்றையும் மூன்று தாளில் எழுதி மேசையில் வையுங்கள். வண்டு, பந்து, கன்று, நண்டு, சிலந்தி, குன்று என்று சொல் அட்டைகளைக் கலைத்துக் கொடுங்கள். எந்தச் சொல் எந்தத் தாளுக்குப் போகும் என்று அவளே பிரிக்கட்டும். நீங்கள் வாயைத் திறக்கவேண்டாம். கொஞ்ச நாளில் “அம்மா, டகரம் வந்தா இந்த ண்தான் வருது” என்று அவளாகச் சொல்வாள். அப்படித் தானாகக் கண்டது மறக்காது.

அடிச்சொல், லகரம் றகரமாவது இவையெல்லாம் நான்காம் வகுப்புக்குமேல் போதும்.

நுனிநா

அந்த ‘நல்லா இரு’ என்னை விடவில்லை. அவள் பொருளைச் சரியாகப் பிடித்து, தெரிந்த சொல்லால் சொல்லியிருக்கிறாள். மொழி அவளிடம் இருக்கிறது அம்மா. எழுத்துப்பிழைக்கு அஞ்சிச் சொல்லைக் கைவிடும் பழக்கம்தான் உடனே மாற்றவேண்டியது. கொஞ்சக் காலம் அவள் எழுதுவதில் பிழை பார்க்காமல், என்ன எழுதியிருக்கிறாள் என்பதை மட்டும் பேசுங்கள்.

சிவப்பு மை

சொல்வதெழுதுதல் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை. நான் அதைச் சொல்கிறேன், ஏனென்றால் பிள்ளைகளின் பயம் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கிறது.

ஆசிரியர் “கரை” என்று ஒற்றைச் சொல்லாகச் சொல்கிறார். பிள்ளை ‘கறை’ என்று எழுதுகிறது. அதைச் சுற்றி ஒரு வட்டம். என்ன நியாயம்? கறையும் ஒரு சொல்தானே. ஆற்றங்கரையா, சட்டைக்கறையா என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? காதால் பிரிக்க முடியாத இரண்டில் ஒன்றைத் தனியாகச் சொல்லி எழுதச் சொல்வது தேர்வு ஆகாது. மயங்கொலிச் சொல் எதுவானாலும் வாக்கியத்தில்தான் சொல்லவேண்டும்: “சட்டையில் கறை பட்டது.” “அலை கரையைத் தொட்டது.” வாக்கியம் முழுவதையும் எழுதச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதினால் போதும். பொருள் எழுத்தைத் தீர்மானிக்கிறது என்ற பாடம் அதிலேயே நடந்துவிடும்.

படம் காட்டியும் எழுதவைக்கலாம். ஆசிரியர் வாயே திறக்காமல் பறவையின் படத்தைக் காட்டினால், பிள்ளை தன் மனத்தில் இருக்கும் சொல்லை எழுதுகிறது. நாம் சோதிக்க விரும்புவது அதைத்தானே.

கொம்பும் காலும்

எல்லோரும் ஒலியைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒன்றாம் வகுப்பில் இருப்பவர்களுக்கு அதற்கு முன்னால் வடிவக் குழப்பம் ஒரு மலையாக நிற்கிறது.

மு, ழ, ழு மூன்றையும் ஒரு தாளில் எழுதி, எழுத்தே தெரியாதவர் கண்ணால் பாருங்கள். மூன்றும் மகரத்துக்குக் கீழே ஏதோ ஒரு வளைவு. துணைக்காலும் ரகரமும் கையெழுத்தில் ஒன்றே. ‘மாம்’ என்று எழுதியதா ‘மரம்’ என்று எழுதியதா என்று திருத்துபவருக்கே தெரியாது. ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு வேறுபாடு ஒரு சின்னச் சுழி. கௌ என்ற ஓர் எழுத்தும், கெ, ள என்ற இரண்டு எழுத்தும் பக்கத்தில் வைத்தால் அச்சிலேயே பிரித்தறிய முடியாது.

இவை பிள்ளைகளின் குறை இல்லை. ஓலையில் எழுதிய காலத்தில் எ–ஏ, ஒ–ஓ வேறுபாடே எழுத்தில் பெரும்பாலும் காட்டப்படவில்லை. குறிலுக்குப் புள்ளி வைக்கவேண்டும் என்பது இலக்கணம், ஆனால் ஓலையில் புள்ளி விடுபட்டுப்போகும். இன்று நாம் எழுதும் ஏகார ஓகார வடிவம் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தத்திலிருந்து வந்தது என்பார்கள். பிறகு 1978இல் தமிழ்நாடு அரசு ஆணையால் ணை, லை, ளை, னை, ணா, றா, னா போன்றவற்றின் பழைய வடிவங்கள் மாறின. ஆக, மயக்கத்தைக் குறைக்க எழுத்தையே மாற்றியிருக்கிறார்கள் பெரியவர்கள். பிள்ளை மயங்குவதில் என்ன வியப்பு?

வடிவத்துக்கு என் வழி, கையின் ஓட்டம். மு எங்கே தொடங்கி எந்தப் பக்கம் திரும்புகிறது, ழ எங்கே இறங்குகிறது என்பதைக் காற்றில் பெரிதாக எழுதவைப்பேன், மணலில் விரலால் எழுதவைப்பேன். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிவது கைக்கு வேறாகத் தெரியும். கணினி ஒர்க்‌ஷீட்டில் வட்டமிடுவதால் இது வராது. துணைக்காலை ரகரத்தைவிடச் சற்று நேராக, அடியில் சாய்வுக்கோடு இல்லாமல் எழுதும் பழக்கத்தை முதல் மாதத்திலேயே கொண்டுவரவேண்டும். பிறகு மாற்றுவது கடினம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சின்னப் பிள்ளைகளின் நோட்டில் மிக அதிகமாக வரும் பிழை ல–ள இல்லை. குறில்–நெடிலும் ஒற்றும்தான். படம், பட்டம், பாடம். கல், கால். படு, பாடு, பாட்டு. பொருளே தலைகீழாகும் இடங்கள் இவை. நல்ல செய்தி என்னவென்றால் இந்த வேறுபாடுகள் எல்லோர் காதுக்கும் எட்டும், யார் வாயிலும் மாறாது. கையைத் தட்டி, நெடிலுக்குக் கையை நீட்டி, ஒற்றுக்கு ஒரு கணம் நிறுத்தி விளையாடினால் சின்னப் பிள்ளைகூடப் பிடித்துக்கொள்ளும். ஒரு சிறு வேறுபாட்டால் சொல்லே மாறும் என்ற உணர்வை இங்கே ஊட்டிவிட்டு, அதன்பிறகு ல–ள பக்கம் போகலாம். நாம் இதைத் தாண்டிக் குதித்து நேரே மயங்கொலிக்குப் போய்விடுகிறோம்.

பழைய ஏடு

குறில்–நெடிலை முதலில் வைக்கவேண்டும் என்பதை முழு மனத்தோடு ஏற்கிறேன். ந–ன பற்றி வேர்பிடி எழுதியதற்கு ஒரு விருந்து சேர்க்கிறேன். தண்ணீர், வெந்நீர், நன்னீர். மூன்றிலும் இருப்பது ஒரே நீர். தண் என்பதோடு சேர்ந்ததும் நகரம் ணகரமானது. வெம் என்பதோடு சேர்ந்ததும் மகரம் நகரமாகி இரண்டு நகரம் நின்றது. நல் என்பதோடு சேர்ந்ததும் இரண்டும் னகரமாயின. முந்நூறு, ஐந்நூறு இரண்டையும் ‘முன்னூறு, ஐநூறு’ என்று எழுதுவோருக்கும் இதையே காட்டலாம். உள்ளே நூறு இருப்பது கண்ணில் பட்டுவிட்டால் நகரத்தை விடமாட்டார்கள். முன்னாள் என்றால் முன்பிருந்தவர், முந்நாள் என்றால் மூன்று நாள். பெரிய பிள்ளைகள் இதில் நெடுநேரம் மூழ்கிவிடுவார்கள்.

வாய்ப்பயிற்சியை மட்டும் கைவிடமாட்டேன். நா நெகிழ் பயிற்சியில் சிலர் செய்வதுபோல ல, ள, ழ மூன்றையும் ஒரே வரியில் கொட்டி வேகமாகச் சொல்லச் சொல்வதில்லை நான். ழகரம் மட்டும் வரும் சொற்களாகக் கோத்து, மெதுவாக, சேர்ந்திசையாகச் சொல்லவைக்கிறேன். யாரும் தனியாக மாட்டிக்கொள்வதில்லை. நுனிநா அவர்கள் சொன்ன கூச்சம் அதில் வராது.

இன்னொரு பிரிவையும் இதோடு கலக்காதிருக்க வேண்டும். ஆறு என்றால் நதியும் ஆறு, எண்ணும் ஆறு. மாலை, படி, நூல், திங்கள் எல்லாம் அப்படி. எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று, பொருள் மட்டும் பல. இங்கே எழுத்துப்பிழைக்கு இடமே இல்லை, சூழலைப் பார்த்துப் பொருள் கொள்ளும் திறன் மட்டும்தான். சில பயிற்சித்தாள்களில் இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டுவிடுகிறார்கள். மயங்கொலி வேறு, பல பொருள் ஒரு சொல் வேறு.

மூன்றாம் பெஞ்ச்

எல்லோருக்கும் நன்றி. இந்தப் பருவத்தில் நான் செய்யப்போவது: கட்டத்தை எடுத்துவிடுகிறேன். கொஞ்ச நாள் குறில்–நெடில், ஒற்று விளையாட்டு. பிறகு தாளால் வாயை மறைத்து வால்–வாள், பல்லி–பள்ளி கேட்கும் பயிற்சி. ண்ட–ந்த–ன்ற அட்டைகளை இடையிடையே போடலாம் என்று நினைக்கிறேன், அதற்குக் காது தேவையில்லை என்பதால். ர–ற அடிச்சொற்களைப் படிக்கும் பாடத்தில் வரும்போது மட்டும் எடுப்பேன்.

ஒரு கேள்வி பாக்கி. பிள்ளை பிழையாக எழுதிவிட்டால் என்ன செய்வது? இவ்வளவு நாள் பிழையையும் திருத்தத்தையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுவோம். அதுவும் கட்டம் போலத்தானே?

சிவப்பு மை

அதேதான். பிழையான வடிவத்தைப் பலகையில் எழுதவே எழுதாதீர்கள், மேலே குறுக்குக்கோடு போட்டாலும் சரி. நாற்பது பிள்ளைகளின் கண் அதைப் படம் பிடித்துவிடும். கோடு மறந்துபோகும், வடிவம் தங்கிவிடும்.

நான் நோட்டில் பிழையைச் சுற்றி வட்டம் போடுவதில்லை. அந்த வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பேன். இந்த வரியில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று பொருள். பிள்ளை தானே தேடும். பாதிக்குமேல் தானே கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்க முடியாவிட்டால் மூன்றில் ஒரு கேள்வி கேட்பேன், பிழை எந்த வகை என்பதைப் பொறுத்து. ல–ள என்றால் “சொல்லிப் பார், நாக்கு எங்கே போகிறது?” ந–ண–ன என்றால் “பின்னால் எந்த எழுத்து நிற்கிறது?” ர–ற என்றால் “இது எந்தச் சொல்லிலிருந்து வந்தது?” அப்போதும் வரவில்லையென்றால் சரியான சொல்லை ஓரத்தில் எழுதிக் கொடுத்துவிடுவேன். பத்து முறை எழுது என்று சொல்வதில்லை. அந்தச் சொல் வரும்படி அவர்களுக்குப் பிடித்த எதையாவது பற்றி ஒரு வாக்கியம் எழுதிவரச் சொல்வேன்.

வாரக் கடைசியில் நோட்டுகளைப் புரட்டி, எந்தக் கேள்வியை அதிகம் கேட்டேன் என்று மட்டும் குறித்துக்கொள்கிறேன். அடுத்த வாரம் எந்த விளையாட்டைக் கொண்டுபோவது என்பதை அந்தக் குறிப்பை வைத்துத்தான் முடிவு செய்கிறேன்.

இரு பிள்ளைத் தாய்

அந்த மூன்று கேள்வியையும் எழுதி அவள் படிக்கும் மேசைக்கு எதிரே ஒட்டிவிட்டேன். முதல் கேள்வியைப் படித்துவிட்டு, நாக்கு எங்கே போகிறது என்று பார்க்கக் கண்ணாடி கேட்டாள். கொடுத்திருக்கிறேன்.